நடை நேர்காணலுக்கு டிஜேஐ மைக் 2: வாங்கலாம், ரிசீவரை மட்டும் பைக்குள் வையுங்கள்

யூடியூப் வீடியோ எடுப்பவர்களை மனதில் வைத்துச் செய்த ஒயர்லெஸ் மைக் இது. கடைக்காரரைக் கேட்டால் கேமராவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நின்று பேசலாம் என்பதில்தான் தொடங்குவார். நடை நேர்காணல் எடுக்கும் ஆய்வாளர்களான நமக்கு வேலை வேறு. சோலைக்காட்டிலோ கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ ஒருவரோடு கூடவே நடந்துகொண்டு, அந்த இடம் அவர் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்டுப் பதிய வேண்டும். ஏற்றத்தில் மூச்சு எங்கே முட்டுகிறது, நிழலுக்குள் நுழைந்ததும் தோலுக்கு என்ன தெரிகிறது, ஈர மணலில் கால் எப்படி ஊன்றுகிறது என்பதெல்லாம் வேண்டும். அந்த வேலைக்கு டிஜேஐ மைக் 2 எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதுதான் இந்த மதிப்புரை. இதற்குப் பதிலாக வாங்கக்கூடிய கருவிகளும், கூடவே எடுத்துப்போகும் ஜிபிஎஸ், கேமரா, இதயத்துடிப்புப் பட்டை ஆகியவையும் போகிற போக்கில் வரும்.

எதற்கு நடந்துகொண்டே கேட்க வேண்டும்? அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து "அங்க போனப்ப எப்படி இருந்துச்சு?" என்றால், "நல்லா இருந்துச்சு, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு" என்பதைத் தாண்டிப் பதில் போகாது. உடம்பு அறிந்தது அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் பாதி மறந்துபோகும். சமூகவியலாளர் மார்கரெத்தே குசன்பாக் 2003ல் இப்படிக் கூடவே போய்க் கேட்பதை ஒரு முறையாக வகுத்து எழுதினார். புவியியலாளர்கள் ஜேம்ஸ் எவன்ஸும் பில் ஜோன்ஸும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்து எடுத்த பேட்டியையும் உட்கார்ந்து எடுத்த பேட்டியையும் ஒப்பிட்டு 2011ல் வெளியிட்டார்கள். நடக்கும்போது பேச்சு இடத்தோடு அதிகம் ஒட்டி நின்றது. முறை பழையதுதான். அதைக் காற்றிலும் மழையிலும் பதிவு செய்யும் கருவிதான் எப்போதும் தலைவலி.

முதலில் பெட்டியில் இருப்பது. முழு செட்டில் பேசுபவர் மேல் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் இரண்டு, அவற்றின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒன்று, சார்ஜ் ஏற்றும் உறை, காந்தக் கிளிப்புகள், மைக்கின் மேல் மாட்டும் பஞ்சுமுடிக் குல்லாக்கள். ஒரு டிரான்ஸ்மிட்டரின் எடை 28 கிராம். அதற்குள்ளேயே மைக்கும் 8 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. ஒரு சார்ஜில் சுமார் 6 மணி நேரம் ஓடும். உறையிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். தடையில்லாத வெட்டவெளியில் 250 மீட்டர் வரை சிக்னல் எட்டும் என்கிறது நிறுவனம்.

அந்த 250 மீட்டர்தான் முதல் பொறி. இந்த மைக் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. நீர் நிறைந்த மனித உடம்பு அந்த அலையை நன்றாகவே விழுங்கிவிடும். சோலைக்காட்டுத் தடத்தில் இருவர் தோளோடு தோள் நடக்க இடமிருக்காது. பேட்டி கொடுப்பவர் முன்னால், கேட்பவர் பின்னால் என்று ஒற்றை வரிசைதான். முன்னால் போகிறவரின் நெஞ்சில் டிரான்ஸ்மிட்டர், பின்னால் வருகிறவரின் முதுகுப் பையில் ரிசீவர் என்றால் நடுவில் இரண்டு உடம்புகள். சில மீட்டர் இடைவெளியிலேயே சொற்கள் துண்டு துண்டாக அறுபடும். திருவண்ணாமலைப் பௌர்ணமி கிரிவலம் போன்ற இடத்தில் நிலைமை இன்னும் மோசம்: 14 கிலோமீட்டர் பாதை நெடுகக் கூட்டம், கூட்டத்தின் கையிலெல்லாம் ஃபோன், ஃபோன்களின் புளூடூத்தும் வைஃபையும் அதே அலைவரிசையில்.

ஆகவே இந்த ஒயர்லெஸ் மைக்கில் நமக்குத் தேவைப்படாதது அதன் ஒயர்லெஸ்தான். டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றும் ரிசீவர் இல்லாமலே தனக்குள் பதிந்துகொள்ளும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் லேசாக அதிரும், சிவப்பு விளக்கு எரியும், பதிவு ஓடத் தொடங்கிவிடும். பேட்டி கொடுப்பவருக்கு ஒன்று, கேட்பவருக்கு ஒன்று மாட்டிவிட்டு, ரிசீவரை உறையோடு பைக்குள் போட்டுவிடுங்கள். சிக்னல் அறுபடும் கவலை தீர்ந்தது. இரண்டு குரலும் இரண்டு தனிக் கோப்பாகக் கிடைக்கும். இரண்டு பேரின் மூச்சும் தனித்தனியே கிடைக்கும். இந்த ஆய்வுக்கு அது முக்கியம், ஏனென்றால் ஏற்றத்தில் இரைப்பவர் யார் என்பது பிறகு கேட்கும்போது தெரிய வேண்டும். கேட்பவரின் மூச்சும் தரவுதான்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கண்காணித்தபடியே நடக்கலாமே என்று ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்வார்கள். வேண்டாம். காது அடைபட்ட ஆய்வாளருக்குக் காற்றும் கேட்காது, காட்டெருமையும் கேட்காது. கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டெருமை உலவும் என்பதை அங்கே போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும் இடத்தில் ஒரு நிமிடம் சோதித்துக் கேட்டால் போதும்.

ரிசீவரை எடுக்க வேண்டிய வேளை ஒன்று உண்டு, அது முதல் நாள் மாலை. அதன் திரையில்தான் 32 பிட் ஃப்ளோட் பதிவைத் தேர்ந்தெடுக்க முடியும். தேதியும் நேரமும் அங்கேதான் சரிசெய்ய வேண்டும். செய்துவிட்டு, ரிசீவரை அணைத்து, டிரான்ஸ்மிட்டரில் மட்டும் இரண்டு நிமிடம் பதிந்து, யுஎஸ்பி-சி வயரில் கணினியோடு இணைத்துப் பாருங்கள். பென் டிரைவ் போலவே திறக்கும், தனி மென்பொருள் எதுவும் கேட்காது. கோப்பின் நேரமும் பிட் அளவும் நீங்கள் வைத்தபடி இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். நீண்ட பதிவை 30 நிமிடத்துக்கு ஒரு கோப்பாக அது தானாகவே வெட்டிக்கொள்ளும். வாக்கியத்தின் நடுவில் வெட்டு விழும் என்பதால் ஒட்டும்போது வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

32 பிட் ஃப்ளோட் பற்றி ஒரு சொல். ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து, பாறையில் கால் வழுக்கியதும் "ஐயோ" என்று கத்தினால், சாதாரண 24 பிட் பதிவில் அந்தக் கத்தல் உச்சியில் நசுங்கிப்போகும். ஃப்ளோட்டில் பிறகு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று நேரடியாக மைக்கின் சவ்வில் மோதி அதைத் திணறடித்தால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது. அங்கே கெட்டது எண் இல்லை, சவ்வு. இடம் எவ்வளவு பிடிக்கும் என்றால், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மைக்குக்கு மணிக்கு 24 பிட்டில் சுமார் 520 எம்பி, ஃப்ளோட்டில் சுமார் 690 எம்பி. ஒன்றரை மணி நேரப் பேட்டிக்கு இரண்டு மைக்கும் சேர்ந்து 2 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். நினைவகம் தாராளம்தான், ஆனாலும் அன்றன்றைக்கே கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது பொறி இரைச்சல் நீக்கம். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் வசதி இது, நம் ஆய்வுக்கோ எதிரி. இது குரல் எது, இரைச்சல் எது என்று தானே முடிவுகட்டி, அருவிச் சத்தம், சருகு மிதிபடும் ஓசை, மூச்சு வாங்குவது எல்லாவற்றையும் இரைச்சல் கணக்கில் எழுதித் துடைக்கப் பார்க்கும். துடைத்த பிறகு ஸ்டுடியோவில் பேசிய மாதிரி ஒரு பேட்டி மிஞ்சும். அதற்கா மலையேறினோம்? தொல்லை என்னவென்றால், பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்தினாலே இது மாறிவிடும். துப்பட்டாவைச் சரிசெய்யும்போதும் பைப்பட்டை உரசும்போதும் விரல் பட வாய்ப்புண்டு. மாட்டிவிடும்போதே எந்தப் பட்டனைத் தொடக்கூடாது, எந்தப் பட்டனை அழுத்தினால் பதிவு நிற்கும் என்று பேட்டி கொடுப்பவருக்குக் காட்டிவிடுங்கள். நிறுத்தும் பட்டன் அவர் கைக்கு எட்டுவது ஒப்புதல் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. சங்கடமான ஏதாவது வாய்தவறி வந்துவிட்டால் யாரையும் கேட்காமல் அவரே நிறுத்திக்கொள்ளலாம்.

குறைந்த அதிர்வெண்ணை வெட்டும் லோ கட் வசதியையும் பதிவின்போது அணைத்தே வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவதைப் பிறகு கணினியில் செய்தால் போதும். களத்திலேயே வெட்டினால் கடலின் அடி உறுமல் போய்விடும், திரும்ப ஒட்ட முடியாது.

காற்றுக்கு இருக்கிற ஒரே மருந்து பஞ்சுமுடிக் குல்லா. பெசன்ட் நகர்க் கடற்கரையில் பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் குல்லா இல்லாத பதிவு குப்பைதான். குல்லாவை அதன் காடியில் திருகி மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். சரியாகப் பூட்டாதது புதரில் மாட்டிக் கழன்றுபோகும், கருப்பு முடிக் குல்லாவைக் காட்டுத் தரையில் தேடுவது வீண். உபரியாக இரண்டு வாங்கி வையுங்கள். மழையில் நனைந்த குல்லா காற்றையும் தடுக்காது, குரலின் கூர்மையையும் தின்றுவிடும். உலர்ந்ததை மாற்றுவதைத் தவிர வழியில்லை. டிரான்ஸ்மிட்டருக்கு நீர் காப்பு கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை, கடற்கரையில் உப்புச் சாரல், சோலையில் சொட்டும் பனி மூன்றும் அதற்குப் பகை. நடை முடிந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்துவிட வேண்டும்.

எங்கே மாட்டுவது? தாடைக்குக் கீழே ஒரு சாண், நெஞ்செலும்பின் மேல், நடுவில். தோள்பக்கம் மாட்டினால் தலை திரும்பும்போதெல்லாம் குரல் ஏறி இறங்கும். சட்டைக்குப் பொத்தான் பட்டை போதும். பருத்திப் புடவையின் மடிப்பில் காந்தக் கிளிப் நன்றாகப் பிடிக்கும். பட்டிலும் சிந்தெடிக்கிலும் வழுக்கும், ஏற்றத்தில் குனிந்து நிமிர்ந்தால் முந்தானையோடு சேர்ந்து தோளுக்குப் போய்விடும். அப்போது முந்தானையை ஊக்கு குத்தி நிறுத்திவிட்டு, காந்தத்தை ரவிக்கையின் துணியோடு சேர்த்துப் பிடிக்க வைக்கலாம். பெண்களுக்கு மாட்டும்போது கையில் கொடுத்து அவர்களையே மாட்டச் சொல்லுங்கள், கண்ணாடியோ ஃபோன் கேமராவோ உதவும். தாலிக்கொடியும் நீளச் சங்கிலியும் அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மைக்கில் டிக், டிக் என்று தட்டும். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பதிவைக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று புரியும். சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளச் சொல்வதும், மைக்கைச் சங்கிலி எட்டாத உயரத்துக்கு ஏற்றுவதும் இரண்டு நிமிட வேலை. மழைக்கோட்டு சரசரப்பதற்கு மட்டும் மருந்தில்லை, குடை பரவாயில்லை.

மாட்டும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: இதயத்தில் பேஸ்மேக்கரோ டிஃபிபிரிலேட்டரோ வைத்திருக்கிறார்களா? காந்தக் கிளிப்பை அத்தகைய கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்பது பொதுவான எச்சரிக்கை. நெஞ்சில் மாட்டும் மைக்கில் அந்த இடைவெளி கிடைக்காது. சந்தேகம் என்றால் டிரான்ஸ்மிட்டரை நெஞ்சில் மாட்டாமல், அதன் 3.5 மில்லிமீட்டர் துளையில் வயர் வைத்த காலர் மைக்கைச் செருகி, டிரான்ஸ்மிட்டரை இடுப்புப் பையில் போடலாம். முதியவர்களோடு நடக்கும் உடல்நல ஆய்வுகளில் இதைப் படிவத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

தனித்தனியே ஓடும் இரண்டு பதிவுகளை ஒட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கருவியின் கடிகாரப் படிகமும் மிகச் சிறிய அளவில் வேகம் மாறி ஓடும். பத்து லட்சத்தில் 20 பங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் 90 நிமிட முடிவில் ஐந்தில் ஒரு வினாடி விலகும். குரல் எதிரொலிப்பது போலக் கேட்க அது போதும். இரண்டு மைக்குக்கும் நடுவில் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, முடிவில் ஒரு கைத்தட்டு. கணினியில் இரண்டு தட்டையும் பொருத்தி நடுவில் இழுத்துக்கொள்ளலாம். முதல் தட்டுக்கு முன் ஃபோனில் தெரியும் நேரத்தை வினாடியோடு வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், ஜிபிஎஸ் தடத்தோடு சேர்க்க அதுதான் சாவி.

ஜிபிஎஸ்ஸுக்கு எனத் தனிக் கருவி வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனில், நடந்த தடத்தை நேரத்தோடு ஜிபிஎக்ஸ் கோப்பாகப் பதியும் செயலி ஒன்று போதும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்காவிட்டால், திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் ஃபோன் அதை உறங்கவைத்துவிடும், தடம் பாதியில் நின்றுபோகும். திறந்த வானத்தின் கீழ் ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். அடர்ந்த சோலைக்குள் இலைக்கூரையும் பள்ளத்தாக்கின் சுவரும் சிக்னலைச் சிதறடிக்கும். நேராகப் போன தடம் படத்தில் கோணல்மாணலாக வரும், நடந்த தூரமும் கூடுதலாகக் காட்டும். உயரக் கணக்கு அதைவிடப் பெரிய பிழையோடு வரும். எனவே "இதோ மரப்பாலம்", "ரெண்டாவது வளைவு" என்று இடத்தைக் குரலிலும் பதிந்துகொண்டே போங்கள். இன்னொன்று: ஜிபிஎக்ஸ் கோப்பு உலகப் பொது நேரத்தில் எழுதப்படும், மைக் நம் நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் கண்டு யாரும் பதற வேண்டாம், கூட்டிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கூட்டாளிகள் செயற்கைக்கோள் தகவல் கருவி எடுத்துவருவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபடுவார்கள்.

இனி, இதற்குப் பதில் எதை வாங்கலாம் என்ற கேள்வி. ரோட் வயர்லெஸ் கோ 2 இதே இனம், 2021ல் வந்தது. டிரான்ஸ்மிட்டருக்குள் பதியும் வசதி அதிலும் உண்டு, ஏற்கெனவே கையில் இருந்தால் புதிது வாங்க வேண்டாம். ஆனால் உள்பதிவை ரோட் சென்ட்ரல் மென்பொருளில் முதலில் இயக்கிவைக்க வேண்டும், கோப்பை எடுக்கவும் அதே மென்பொருள் வேண்டும். 32 பிட் ஃப்ளோட்டும் இல்லை. கத்தல் நசுங்கினால் உதவ 20 டெசிபல் குறைத்த பாதுகாப்புத் தடம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது ரிசீவர் வழியாகத்தான் கிடைக்கும். டிஜேஐ மைக் மினியைக் கண்டிப்பாகத் தவிருங்கள். 10 கிராம்தான், மாட்டியதே தெரியாது, விலையும் குறைவு என்று பலர் அதில் விழுகிறார்கள். அதில் உள்பதிவு கிடையாது. சிக்னல் அறுந்தால் அறுந்ததுதான்.

உண்மையான போட்டியாளர் டாஸ்கம் டிஆர்-10எல். அதற்கு ஒயர்லெஸ்ஸே இல்லை. இடுப்பில் மாட்டும் சின்ன ரெக்கார்டர், வயர் வைத்த காலர் மைக், ஒரே ஒரு ஏஏஏ பேட்டரி, மைக்ரோ எஸ்டி கார்டு. பட்டன்கள் தவறுதலாக இயங்காமல் பூட்டும் வசதியும் உண்டு, ஒரே நேரத்தில் குறைந்த ஒலியளவில் இன்னொரு பதிவும் எடுக்கும். மலையடிவாரப் பெட்டிக்கடையில்கூட பேட்டரி கிடைக்கும் என்பது வெள்ளியங்கிரி மாதிரி இரவெல்லாம் ஏறும் இடங்களில் பெரிய நிம்மதி. குறை அந்த வயர். துணிக்குள் வயர் உரசும் ஓசை மைக்கில் ஏறும். மைக்குக்கு அடியில் ஒரு சிறு வளையம் விட்டு டேப் ஒட்டினால் பெருமளவு அடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்கு டிஜேஐ, அரை நாளைத் தாண்டும் நடைக்கு டாஸ்கம் என்பதே எங்கள் தீர்ப்பு.

கையில் பிடிக்கும் ரெக்கார்டர் எதுவானாலும் நடை நேர்காணலுக்கு ஆகாது. ஒரு கை போய்விடும். வழுக்குப் பாறையில் அந்தக் கை வேண்டும்.

நெஞ்சில் கோப்ரோ கேமரா கட்டி அனுப்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கையும் தடமும் அழகாகத் தெரியும். ஆனால் மூச்சைப் பற்றிக் கேட்கப்போகும் நெஞ்சிலேயே பட்டையை இறுக்கிக் கட்டுகிறோம். மைக்கும் அதில் உரசும். நெஞ்சு திரும்பும் பக்கம்தான் படம், கண் எங்கே பார்த்தது என்பது கிடைக்காது. ஜிபிஎஸ் தடமும் அதிலேயே வேண்டும் என்று வாங்குபவர்கள், கோப்ரோவின் ஹீரோ 12 மாடலில் ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டு ஹீரோ 13ல் மறுபடி சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். எதிரே வருகிறவர்கள், அருவியில் குளிக்கிறவர்கள் எல்லாரும் படத்தில் விழுவார்கள் என்பது இன்னொரு பிரச்சினை. பேட்டி கொடுப்பவரின் சொந்த ஃபோனில், உடம்புக்கு ஏதோ தெரிந்த ஐந்து இடங்களை மட்டும் படமெடுக்கச் சொல்வது எவ்வளவோ மேல். எடுக்க நிற்கும் இடமே ஒரு பதில்.

போலார் எச்10 பட்டை இதயத்துடிப்பை நம்பும்படி அளக்கும். மின்முனைகளைத் தண்ணீர் தொட்டு நனைத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும், காய்ந்த பட்டையில் முதல் சில நிமிடம் கண்டபடி எண் வரும். எண் வந்தபின்தான் சங்கடம். துடிப்பு ஏறியது ஏற்றத்தாலா, வெயிலாலா, காலையில் குடித்த காபியாலா, நடந்துகொண்டே பேசியதாலா? பேசுவதே மூச்சையும் துடிப்பையும் மாற்றும். பேச்சில்லாமல் அதே பாதையை இன்னொரு முறை நடக்கவைத்து ஒப்பிடத் திட்டம் இல்லாதவர்கள் பட்டையை வாங்க வேண்டாம்.

எந்தக் கருவியானாலும் கேள்வி சரியில்லை என்றால் பதிவில் ஒன்றும் இருக்காது. "எப்படி ஃபீல் பண்றீங்க?" என்பதைக் கேட்டுவிட்டு ஏமாறுவதைவிட, "இப்ப காலுக்கு என்ன தெரியுதுங்க?", "காத்து எங்க படுது?", "இங்க வந்ததும் நடை குறைஞ்சுதே, ஏன்க்கா?" என்று உடம்பின் இடம் பார்த்துக் கேளுங்கள். கால் கடுக்குது, கண்ணு கூசுது, ஜில்லுனு ஏறுது, நெஞ்சு அடைக்குது என்று பதில்கள் தானாகவே வரும். செங்குத்தான ஏற்றத்தில் கேள்வியே கேட்காதீர்கள். கேட்டால் மரியாதைக்காகப் பதில் சொல்லி மூச்சுத் திணறுவார்கள். ஏற்றத்துக்கு முன் ஒரு கேள்வி, ஏற்றத்தில் மௌனம், மேலே நின்றதும் "இப்ப சொல்லுங்க". அந்த மௌனத்தில் மைக் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பேச்சோடு நடந்தால் சமதரையிலும் மணிக்கு மூன்று கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அதற்கேற்ப பாதையின் நீளத்தை வையுங்கள், பாதையைத் தேர்வது பேட்டி கொடுப்பவராகவே இருக்கட்டும்.

காட்டுப் பாதை என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள்; படப்பிடிப்பு இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். 2018 குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது, அதில் கூடவே வழிகாட்டியும் வருவார். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை களப்பணி வைத்துக்கொள்ளாதீர்கள். வழிகாட்டி உடன் வந்தால் மூன்றாவது குரல் ஒன்று பதிவில் ஏறும், மூன்றாவது காதும் பேட்டியைக் கேட்கும். அவரிடமும் ஒப்புதல் வாங்கி, பத்து இருபது அடி முன்னால் நடக்கச் சொல்லிவிடலாம்.

எழுத்தாக்கும்போது, தமிழை அறியும் விஸ்பர் போன்ற தானியங்கி மென்பொருளை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கணினியிலேயே ஓடுவதால் கோப்பு வெளியே போகாது என்பது நல்லது. ஆனால் நீண்ட மௌனம் வந்தால் அது யாரும் பேசாத வாக்கியங்களைத் தானாக எழுதிவைக்கும். நடை நேர்காணலில் மௌனம்தான் நிறைய. மூச்சு, இரைப்பு, "ம்" எல்லாவற்றையும் விழுங்கியும்விடும். நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் இலவசமாகத் தரும் ஈலான் மென்பொருளில் பேச்சு, மூச்சு, காலடி, சூழல், இடம் என்று ஐந்து அடுக்கு போட்டுக் கையால் குறியுங்கள். அறைப் பேட்டியைவிட இது இரு மடங்கு நேரம் தின்னும். திட்டச் செலவில் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜிபிஎக்ஸ் தடம் பேட்டி கொடுப்பவரின் வீட்டு வாசலில் தொடங்கினால் அது முகவரிதான். 2023ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, யாரிடமும் பகிரும் முன் தடத்தின் முதல் 200 மீட்டரையும் கடைசி 200 மீட்டரையும் வெட்டிவிடுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் தன் பெயரைச் சொல்லியிருந்தால் அதையும் வெட்டுங்கள். கைத்தட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.